வண்டிக்குப் பதிலா ஒரு ஆள்

மார்ச் 16

ஆறு நாள் லாரியில குலுங்கி இன்னிக்குக் காலையில வந்து சேந்தோம். மத்தியப் பிரதேசம். ஊர் பேரைச் செங்கோடன் மூணு தடவை சொன்னான். மூணு தடவையும் என் வாயில வேற வேற மாதிரி வந்துச்சு. விட்டுத் தொலைச்சேன்.

இந்த நோட்டு டீசல் போடறதை எழுதறதுக்கு முதலாளி நல்லதம்பி வாங்கினது. அவரு எல்லாத்தையும் போன்லயே குறிச்சுக்கறாரு. சும்மாதானே கிடக்குதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். மத்தவங்களுக்குச் சோறு தின்னு கை கழுவினதும் போன் இருக்குது. எனக்குப் பேச ஆள் வேணுமே.

அறுப்பு வண்டியைக் கோதுமைக்குக் கொண்டு வர்றது நல்லதம்பிக்கு இதுதான் முதல் தடவை. இத்தனை வருசமும் ஆத்தூர், தலைவாசல், மிஞ்சினா ஆந்திரா. எல்லாம் நெல்லுதான். இங்க வண்டி ஓட்டறது என் மாப்பிள்ளை பூபதி. மாத்து டிரைவர் செங்கோடன். அவனுக்கு இந்தி தெரியும், அந்தத் திமிரும் உண்டு. சமையலுக்கு நானு, அர்த்தநாரி. ஆயிரம் இலை போட்ட கல்யாணத்துக்கெல்லாம் தலைமைச் சமையல் பாத்தவன், இப்ப நாலு பேருக்குக் கரண்டி பிடிக்கறேன்.

கோகிலா சொன்னதுக்காக வந்தேன். "அப்பா, நீங்களும் கூடப் போங்க. அவரு குடிக்காமப் பாத்துக்கங்க" ன்னா. பூபதி குடிச்சுட்டு ரெண்டு இடத்துல வேலையை விட்டான். ஒரு வருசம் என் வீட்டுல வந்து கிடந்த பொண்ணு, தை மாசந்தான் திரும்ப அவன்கூடப் போயிருக்கா. இந்த வேலையும் போச்சுன்னா அவ குடித்தனம் அத்தோட முடிஞ்சுது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மார்ச் 19

நெல்லு மாதிரி இல்ல இந்தக் கோதுமை. தாளை ஒடிச்சா அப்பளமாட்டம் நொறுங்குது. கண்ணுக்கெட்டின தூரம் மஞ்சளாக் காய்ஞ்சு நிக்குது, ஒரு சொட்டு ஈரம் இல்ல.

இன்னிக்கு வயல்காரர் ஜகதீஷ் வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும், அதிகம் பேசமாட்டாரு. வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இஞ்சின் பக்கத்துல கையால கூட்டற மாதிரி காட்டினாரு. செங்கோடன் தமிழ்ல சொன்னான்: ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, சைலன்சரைச் சுத்திச் சேர்ற தூசியையும் சருகையும் தட்டிவிடணுமாம். இல்லேன்னா பத்திக்குமாம்.

பூபதி சிரிச்சுட்டான். "எட்டு வருசமா வண்டி ஓட்டறேன். பெல்ட்ல ஓடற அறுப்பு வண்டியை இடுப்பளவு சேத்துல இறக்கி அறுத்தவன் நான். ஒரு தடவை பத்திக்கிச்சா? கூட்டிப் பெருக்கிட்டு இருந்தா எப்ப அறுக்கறது?"

அட, அது சேறு, இது சருகு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா மாப்பிள்ளைக்கு மாமனார் புத்தி சொன்னா அது புத்தி இல்ல, சண்டை. நாளைக்கு அது கோகிலா தலையிலதான் விடியும். சாம்பார் பொங்குதுன்னு திரும்பி வந்துட்டேன்.

மார்ச் 23

கேஸ் தீந்து போச்சு. பக்கத்து டவுன்ல நம்ம சிலிண்டரை மாத்தித் தர மாட்டேங்கறான். செங்கோடனோட இந்தி அங்க வேகல.

வயல் ஓரத்துல ஒரு இலுப்பை மரம். அதுக்கடியில முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி விறகு அடுப்புப் போட்டேன். சுத்தி பத்தடிக்கு மம்முட்டியால செதுக்கி, ஒரு புல்லு இல்லாம மண்ணாக்கினேன். ரெண்டு குடம் தண்ணி பக்கத்துல. சமையல் முடிஞ்சதும் தண்ணி ஊத்தி, மேல ஒரு கூடை மண்ணு. ஓலைப் பந்தலுக்கு அடியில முப்பது வருசம் தீ மூட்டினவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டாம்.

விறகுல கொதிச்சதும் ரசத்துக்கு ஒரு தனி வாசம் வந்துருச்சு. முதலாளி ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு.

மார்ச் 24

பூபதி இன்னும் குடிக்கல. கோகிலாகிட்டப் போன்ல சொன்னேன். சிரிச்சா. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு.

மார்ச் 26

தீப்பிடிச்சிருச்சு. ஜகதீஷோட பெரிய வயல் மொத்தமும் போச்சு. யாரு உசுருக்கும் ஒண்ணும் ஆகல.

என் அடுப்புப் பொறிதான் பறந்துச்சாம். ஆமான்னு சொல்லிட்டேன். இன்னிக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

மார்ச் 28

வண்டி போயிருச்சு. லாரி போயிருச்சு. மூணு பேரும் போயிட்டாங்க. நான் மட்டும் இருக்கேன். ஜகதீஷ் வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ரூம்பு, ஒரு கயித்துக் கட்டில்.

நேத்து எழுத வேண்டாம்னு நோட்டை மூடி வச்சேன். அந்நிய ஊர்ல இதை எவன் படிக்கப் போறான்? எழுதறேன்.

அன்னிக்கு மதியச் சோறு பன்னெண்டு மணிக்கே முடிஞ்சுது. அடுப்புல தண்ணி ஊத்தி மண்ணைப் போட்டு மூடிட்டு, மரத்தடியில படுத்துட்டேன். புகை வந்தது மூணு மணிக்கு. வந்தது நடு வயல்ல, வண்டிக்குப் பின்னால. காத்து வயல்ல இருந்து என் பக்கமா அடிச்சுது. என் அடுப்புப் பொறி அங்க போகணும்னா காத்தை எதுத்து நடந்துதான் போயிருக்கணும்.

ஊரே ஓடி வந்துச்சு. தண்ணி டேங்கரு, டிராக்டரு, வேப்பங்கொத்து, சாக்கு. பூபதி வண்டியை மட்டும் எப்படியோ வெளிய ஓட்டிட்டு வந்துட்டான். அரை மணி நேரத்துல எல்லாம் கரி. ஜகதீஷ் வரப்புல உக்காந்துட்டாரு. அவரு சம்சாரம் சுசீலா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. எனக்கு அந்தப் பாசை தெரியாது. அழுகைக்கு எதுக்குப் பாசை.

அப்புறம் ஆளுங்க வண்டியைச் சுத்தி நின்னுட்டாங்க. நட்டத்துக்கு வழி பண்ணாம வண்டி நகராதுன்னாங்க. எப்படிப் பத்துச்சுன்னு கேட்டாங்க. பூபதி மூஞ்சி செத்த மீனாட்டம் வெளுத்துப் போச்சு. என்னைப் பாத்தான். உடனே கையை நீட்டி என் அடுப்பைக் காட்டிட்டான்.

சண்டாளன். ஒரு நிமிசம் யோசிக்கக்கூட இல்ல.

நல்லதம்பி என்னை மரத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாரு. "அண்ணே, வண்டித் தீன்னா வண்டியைப் புடிச்சு வச்சுக்குவாங்க. இன்னும் அஞ்சாறு ஊர்ல அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். பூபதிய இனி எவன் வண்டியில ஏத்துவான்? உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க. நீங்க ஒரு தலை ஆட்டினாப் போதும். ஒரே வாரம். நட்டத்தைக் கட்டி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

பொண்ணை நினைச்சேன். தலையை ஆட்டிட்டேன்.

வண்டிக்குப் பதிலா நானு. அடமானம். என் ஆதார் அட்டையை வாங்கி ஜகதீஷ் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. கிளம்பும்போது பூபதி என் கிட்ட வந்து "மாமா" ன்னான். லாரியில ஏறிட்டான்.

மார்ச் 30

சும்மா உக்காத்தி வச்சுச் சோறு போட இவங்களுக்கு என்ன தலையெழுத்தா. ஜகதீஷுக்கு ஊருக்கு அந்தாண்ட இன்னொரு துண்டு நிலம் இருக்குது. இனிமே எந்த வண்டியும் உள்ள இறங்கக் கூடாதுன்னுட்டாரு. மலைப்பக்கத்துல இருந்து ஆணும் பொண்ணுமா இருபது பேரு அரிவாளோட வந்திருக்காங்க. அவங்களுக்குச் சோறாக்கற வேலை எனக்கு.

சோறு எங்க, ரொட்டி. இருபது பேருக்கு வேளைக்கு நூறு ரொட்டி. என் ரொட்டி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டு மேப்பு மாதிரி வருது. அறுக்கற பொம்பளைங்க தூக்கிப் பிடிச்சுக் காட்டிச் சிரிக்கறாங்க.

நான் அடுப்பு மூட்டினா சுசீலா ஒரு பக்கெட் தண்ணியோட எதுக்க உக்காந்துக்கறா. தீ அணையற வரைக்கும் எந்திரிக்கறதில்ல. எனக்கு இங்க பேரு "ஆக்வாலா." ஆக்-ன்னா தீயாம். தீக்காரன்.

ஏப்ரல் 3

ஒரு வாரம் ஆச்சு. முதலாளி வரல. வேலை அதிகமா இருக்கும்.

கோகிலா போன் பண்ணினா. பூபதி அவகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருப்பான்னு நினைச்சிருந்தேன். ஊருக்கு ஒண்ணு சொல்லலாம், பொண்டாட்டிகிட்ட ராத்திரி வாய்விட்டுச் சொல்ல மாட்டானா?

"எதுக்குப்பா இப்படிப் பண்ணீங்க?" ன்னா, எடுத்த எடுப்புல.

"என்ன சாமி?"

"அடுப்பை அணைக்காமத் தூங்கிட்டீங்களாமே. அவரு வேலையே போயிருக்கும்ப்பா. இப்பத்தானே கொஞ்சம் தலை நிமிந்தோம்."

"மாப்ள சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் குறையாச் சொல்லல. உங்களை அடிக்க வந்தாங்களாம், குறுக்க விழுந்து காப்பாத்துனாராம். செங்கோடன் பொண்டாட்டிதான் எல்லாத்தையும் சொன்னா."

"அவரு குடிக்கறாரா?" ன்னு கேட்டேன். இல்லைன்னா. அப்பச் சரின்னு வச்சுட்டேன்.

ஏப்ரல் 8

நல்லதம்பி போன் எடுக்கல. பூபதி போன் சுவிட்ச் ஆஃப்.

ஏப்ரல் 9

போன் எடுக்கல.

ஏப்ரல் 12

ரொட்டி வட்டமா வந்துருச்சு. வரட்டித் தணல்ல மாவு உருண்டையைச் சுட்டு, நெய்யில முக்கி, பருப்போட தர்றாங்க இங்க. அதையும் கத்துக்கிட்டேன். ஐம்பத்தாறு வயசுல இது ஒரு கேடு.

இன்னிக்கு மனசு கேக்கல, ரசம் வச்சேன். லாரியில இருந்து இறக்கிப் போட்ட என் சாமான் பையில மிளகு, சீரகம், புளி கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. வெயில்ல அறுத்துட்டு வந்தவங்க ஒரு வாய் குடிச்சுட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. போச்சுடா, துப்பப் போறாங்கன்னு நினைச்சேன். ஒரு பெரியாளு மூக்கைச் சிந்திப் போட்டுட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினாரு. அப்புறம் இருபது டம்ளரும் நீண்டுச்சு. சுசீலாவும் ஒரு வாய் குடிச்சா. இருமிட்டுச் சிரிச்சா.

சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது அவ பக்கெட் கொண்டு வரல. என்னை அடுப்போட தனியா விட்டுட்டு மாடு கறக்கப் போயிட்டா. உக்காந்து அழுதேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், யாரும் கேக்கல.

ஏப்ரல் 15

இங்க இருந்து நாலு ஊரு தள்ளி நம்ம வண்டி அறுத்துட்டு இருக்குதாம். அறுப்பு ஆளு ஒருத்தன் பச்சைக் கலரு, முன்னால முருகன் படம்னு அடையாளம் சொன்னான். நாலே நாலு ஊரு. சைக்கிள்ல வந்துட்டுப் போற தூரம்.

ஏப்ரல் 18

அறுப்பு முடிஞ்சுது. ஆளுங்க மூட்டை கட்டிட்டாங்க.

மதியம் ஜகதீஷ் என்னைக் கூப்பிட்டுக் கட்டில்ல உக்காரச் சொன்னாரு. போன்ல யாரையோ கூப்பிட்டுச் சத்தமா வச்சாரு. "அண்ணா வணக்கம்ணா" ன்னு தமிழு! எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. ஜகதீஷோட அக்கா மகன், தீபக்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஆறு வருசமா இருக்கானாம்.

ஜகதீஷ் பேசப் பேச அவன் தமிழ்ல சொன்னான்.

"அண்ணா, மாமா சொல்றாரு, நீங்க நாளைக்கு ஊருக்குப் போலாம். டிக்கெட் போட்டாச்சு."

"முதலாளி வந்துட்டாரா?"

"யாரும் வரலீங்கண்ணா. வரமாட்டாங்கன்னு மாமா சொல்றாரு."

"அப்ப நட்டம்?"

"அண்ணா, அது வண்டித் தீதான்னு மாமாவுக்கு அன்னிக்கே தெரியும். அவரு அடுப்புல வந்து கையை விட்டுப் பாத்தாராம். ஈர மண்ணா இருந்துச்சாம். வண்டியைப் புடிச்சு வைக்கணும்னுதான் சொன்னாரு. பஞ்சாயத்துல மத்தவங்க, ஆளே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்னன்னு கேட்டுட்டாங்க. நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு மாமா கேக்கறாரு."

"ஓட்டினவன் என் பொண்ணு புருசன்" ன்னேன்.

தீபக் அதை இந்தியில சொன்னதும் ஜகதீஷ் என் பக்கமாத் திரும்பினாரு. அப்புறம் மெதுவா நாலு வார்த்தை சொன்னாரு.

"என்ன சொல்றாரு தம்பி?"

"வேண்டாம்ணா."

"சொல்லுடா."

"வண்டியைப் புடிச்சு வச்சிருந்தா மூணே நாள்ல வந்திருப்பாங்கங்கறாரு."

ஆதார் அட்டையைக் கையில குடுத்தாரு. வயலைப் பறிகொடுத்தவரு அவரு. அவரு எனக்குக் காசு போட்டு டிக்கெட் எடுத்துக் குடுக்கறாரு. நான் பொய் சொன்னதாலதான் இவருக்கு நட்டம் வசூலாகாமப் போச்சு. இத்தனை நாளும் என்னைப் பத்தி மட்டுமே நினைச்சுப் பொருமிட்டு இருந்திருக்கேன், இந்த மனுசனுக்கு நான் பண்ணினது இப்பத்தான் உறைக்குது. கால்ல விழப் போனேன். தோளைப் புடிச்சு நிறுத்திட்டாரு.

போனை வைக்கறதுக்கு முன்னால தீபக் சொன்னான்: "அண்ணா, உங்க பொண்ணு நம்பர் குடுங்க. நடந்ததை நானே தமிழ்ல சொல்லிடறேன்."

நானே சொல்லிக்கறேன்னுட்டேன்.

ஏப்ரல் 20

ரயில்ல எழுதறேன், எழுத்து கோணுது. எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வர்றேன். "கோகிலா, அது வண்டித் தீ. அன்னிக்கு நான் வாயைத் திறக்காததுதான் என் தப்பு." அவ்வளவுதான். கத்த வேண்டாம், அவனைத் திட்ட வேண்டாம். வேற யாருக்கும் தெரிய வேண்டாம், அவ ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும்.

ஏப்ரல் 21

சேலத்துல இறங்கி ஆத்தூருக்கு பஸ் ஏறி, நேரா கோகிலா வீட்டுக்குத்தான் போனேன். கதவைத் திறந்ததும் கட்டிக்கிட்டு அழுதா. "எப்படி இளைச்சுப் போயிட்டீங்க" ன்னா. வீடு வெள்ளையடிச்சிருந்துச்சு. கழுத்துல புதுசா ஒரு செயின் போட்டிருந்தா. மூணு நாளைக்கு முன்னாலதான் பூபதி ரயில்ல ஊர் திரும்பினானாம், வண்டி லாரியில பின்னால வருதாம். நல்லதம்பி இன்னொரு வண்டி எடுக்கறாராம், அதுக்குப் பூபதிதான் ஹெட் டிரைவராம்.

"குடிக்கறதே இல்லப்பா. பாட்டிலைக் கண்டா அந்தத் தீதான் கண்ணு முன்னால வருதுன்னு சொல்றாரு. கெட்டதுலயும் ஒரு நல்லது."

"கோகிலா" ன்னு ஆரம்பிச்சேன்.

பூபதி குளிச்சுட்டுத் துண்டோட வெளிய வந்தான். என்னைப் பாத்ததும் ஒரு நிமிசம் நின்னான். மூஞ்சி கொஞ்சமாவது சுருங்கும்னு பாத்தேன்.

"வாங்க மாமா. எதையும் மனசுல வச்சுக்காதீங்க. வயசானா கவனம் தப்பறது சகஜந்தான். முதலாளி கோவமாத்தான் இருந்தாரு, நான் பேசிச் சரி பண்ணிட்டேன். எனக்கும் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. மன்னிச்சுட்டேன்."

என் கண்ணை நேராப் பாத்துத்தான் சொன்னான். நடிக்கலை. சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டான்.

கோகிலா அவனைப் பாத்தா. கல்யாணம் ஆகி அஞ்சு வருசத்துல அவ அவனை அப்படிப் பாத்து நான் கண்டதில்ல. அத்தனை பெருமை அந்தப் பார்வையில. ரெண்டு நாளு ரயில்ல ஒத்திகை பாத்த வார்த்தை நாக்கு நுனியில நின்னுச்சு. சொன்னா அந்தப் பார்வை அணைஞ்சுடும். அவ திரும்ப என் வீட்டுல வந்து சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பா.

"சரிங்க மாப்ளே" ன்னேன்.

கோகிலா தோசை ஊத்தப் போனா. நானும் பழக்க தோசத்துல எந்திரிச்சுப் போயி, சட்னிக்குத் தாளிக்கலாம்னு அடுப்பைத் திருகினேன். ஓடி வந்து என் கையைப் புடிச்சு இழுத்துட்டா. "வேண்டாம்ப்பா! நீங்க அடுப்புப் பக்கமே வராதீங்க."

"தாளிக்கத்தானே சாமி."

"இங்க மட்டும் இல்ல. கல்யாணம், காது குத்துன்னு இனி எங்கயும் போகக்கூடாது. யாரு கூப்பிட்டாலும் முடியாதுன்னுடுங்க. இன்னொரு தடவை இப்படி ஒண்ணு நடந்தா நான் தாங்க மாட்டேன். என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க."

பூபதி வாசப்படியில நின்னு தலையைத் துவட்டிட்டு இருந்தான். "அதான் மாமா நல்லது" ன்னான்.

தலையில கை வச்சேன். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.